நோயுற்ற பாம்பும் வளர்த்தவர் கடனும்

கொங்கு நாட்டில் பாம்புக்கு அஞ்சினவர் உண்டு; புற்றுக்குப் பால் வார்த்துக் கும்பிட்டவர் உண்டு; தோட்டத்து எலிகளைத் தின்று வெள்ளாமையைக் காக்கிறதே என்று சாரையை அடிக்காமல் விட்ட குடியானவரும் உண்டு. ஆனால், நோயுற்ற பாம்பு ஒன்றைத் துணிப்பையில் இட்டு எடுத்துக்கொண்டு போய், இதற்கு அறுவைச் சிகிச்சை செய்விப்பதா, மருந்தோடு நிறுத்துவதா, அல்லது வேதனையில்லாமல் இதன் உயிரை முடித்துவிடும்படி கேட்டுக்கொள்வதா என்று வைத்தியர் முன்னிலையில் மனம் கலங்கி நிற்கிறவர் இந்தத் தலைமுறையில்தான் தோன்றியிருக்கிறார். அவருடைய கலக்கத்தை வசதி படைத்தவரின் பொழுதுபோக்கில் விளைந்த சங்கடம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஓர் உயிரைத் தன் வசத்தில் வைத்திருப்பவன் அந்த உயிருக்கு எதுவரை கடன்பட்டவன் என்ற பழைய வினாவே பாம்பின் உருவில் வந்து நிற்பதால், நிதானமாக ஆராயத்தக்க விஷயமாக அது ஆகிவிடுகிறது.

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூருக்குப் போகும் வழியில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடொன்றின் மாடியறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து மலைப்பாம்பு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர்கள் இதனைப் ‘பால் பைத்தான்’ என்பார்கள். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க தேசங்களில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இந்தப் பிராணி, அச்சம் உண்டானால் பெரும்பாலும் சீறவோ கடிக்கவோ முற்படாமல், தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் சாது. நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைக் கடந்த பெண் பாம்பு ஒன்று 2020-ஆம் ஆண்டில் முட்டையிட்ட செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. ஆகவே, இதனை வாங்குகிறவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு நாயை வாங்குகிறவர் ஏற்பதினும் நெடிய பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்.

இத்தகைய பாம்புகள் பல, நேர் வழியில் நம் நாட்டுக்கு வருவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் அடைபட்டுக் கிடந்தன. நம் காட்டு மலைப்பாம்போ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அரிய உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ‘சைட்டீஸ்’ என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2022-இல் திருத்தப்பட்ட அதே சட்டத்தின்படியும் 2024-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படியும், அவற்றைப் பதிவு செய்து, பிறப்பையும் இறப்பையும் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பதிவு செய்யாதவர் சட்டத்துக்கு அஞ்சுகிறார். அந்த அச்சத்தால் வைத்தியரிடம் போகாமல், அங்கே இங்கே கேட்டறிந்த மருந்தைத் தாமே அளந்து கொடுத்துக்கொண்டு காலத்தைக் கடத்துகிறார். மனிதர் செய்த பிழைக்குப் பாம்பு தண்டனை அனுபவிப்பது எந்த நியாயத்தில் சேரும்? பதிவில்லாக் குற்றத்துக்கு உரிய தண்டனை எதுவாயினும் அதை ஏற்றுக்கொண்டு முதலில் வைத்தியர் வாசலை மிதிப்பதே கடனின் ஆரம்பம்.

நோய் வருகிற விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். பாம்பு தன் உடலுக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றுப்புறம் தரும் வெப்பத்தில்தான் அதன் செரிமானமும், இரத்த ஓட்டமும், நோயை எதிர்க்கும் சக்தியும் நடைபெறுகின்றன. மார்கழிப் பனியிலோ, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் நாட்களிலோ, இரவில் மின்சாரம் நின்று வெப்ப விளக்கு அணைந்து, இரண்டொரு நாள் யாரும் கவனியாமல் போனால், அயல்நாட்டு உஷ்ணத்துக்குப் பழகிய உடல் தளர்ந்து, சுவாசப்பையில் கிருமி குடியேறுகிறது. பாம்புக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. ஆகையால் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. உள்ளே சீழ் சேர்ந்துகொண்டே போகும். வாயை மெல்லத் திறந்து பார்த்தால், நாக்கின் பின்னால் சிறு குழல்போல் தெரியும் மூச்சுத் துவாரத்தின் ஓரத்தில் நுரைக்குமிழ்கள் ஒட்டியிருக்கும். எச்சில் நூலாக இழுபடும். மூச்சுக் கிடைக்கவேண்டி அது இரவு முழுவதும் தலையையும் கழுத்தையும் கண்ணாடிச் சுவரோடு சாய்த்து மேல்நோக்கி நிமிர்த்தி வைத்திருக்கும். காலையில் வந்து பார்க்கிற வீட்டுக்காரர், பாம்பு சுறுசுறுப்பாக வெளியே வரப் பார்க்கிறது என்று எண்ணி மகிழ்ந்துவிடுவதும் நடக்கிறது. இரை எடுக்காததைக்கொண்டு நோயை அறியலாமோ என்றால், அதுவும் முடியாது. இந்த வகைப் பாம்பு ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் உணவை மறுத்துக் கிடக்கும் வழக்கமுடையது. நாய் முனகும், பசு கண்ணீர் வடிக்கும், கோழி சிறகு தொங்கி நிற்கும். இந்தப் பிராணியோ முகத்தில் மாறுதலின்றி, குரலின்றி, இமைகூட இல்லாத கண்களோடு கிடக்கிறது. அது வைத்தியரிடம் கொண்டுவரப்படும்போது முதுகெலும்பு கூரைமுகடுபோல் துருத்தித் தெரியும் அளவுக்கு நிலை முற்றிவிட்டிருக்கும்.

அப்பொழுது எழுகிறது, எதைச் செய்விப்பது என்ற வினா.

செய்யக்கூடியவை இன்று பல உண்டு. எக்ஸ்ரே எடுக்கலாம், சுவாசப்பையைக் கழுவி அந்த நீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று கண்டறியலாம், வாலின் இரத்தக் குழாயிலோ, நேராக இதயத்திலோ ஊசி செலுத்தி இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கலாம். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பாம்பின் மந்தமான உடல் வெகுநேரம் தாங்கி வைத்திருப்பதால், மூன்று நாளைக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும்; ஆனால், அவ்வாறு பல வாரங்கள் போடவேண்டியிருக்கும். பின்பாதி உடலின் இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகச் செல்லக்கூடுமாதலால், ஊசியை உடலின் முன்பகுதியிலேயே குத்துவது வைத்தியர்களின் மரபு. மெலிந்துபோன பாம்பில் அங்கே தசையே அரிதாக இருக்கும். உண்ணாத பாம்புக்குக் குழாய் வழியாக ஆகாரம் இறக்கலாம். வயிற்றில் கட்டியோ வெளிவராத முட்டையோ இருந்தால், வயிற்றின் நடுவே ஓடும் நாளத்தில் படாதபடி பக்கவாட்டுச் செதில் வரிசைகளுக்கு இடையே அறுத்து அதை நீக்கலாம். தையல் ஆறு வாரமோ, அடுத்த சட்டை உரிக்கும் வரையிலோ இருக்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் உண்மையான வைத்தியமே. ஆனால், இவை ஒவ்வொன்றின் பொருட்டும் பாம்பை அதன் மறைவிடத்திலிருந்து வெளியே எடுத்து, கையால் இறுகப் பிடித்து, வாயைத் திறந்து, தோலைக் குத்தவேண்டும். பதுங்கியிருப்பதையே பாதுகாப்பாகக் கருதும் பிராணிக்கு இந்தப் பிடியே ஒரு துன்பம்.

ஆகவே, ஒரு சிகிச்சையை எடைபோடும்போது, அதனால் பாம்பு எவ்வளவு துன்பத்தைச் செலுத்தி எத்தகைய வாழ்வைத் திரும்பப் பெறுகிறது என்பதைத்தான் கேட்கவேண்டுமேயன்றி, வீட்டுக்காரரின் மனம் எதனால் ஆறுதல் அடைகிறது என்பதைக் கேட்கலாகாது. இளவயதும் நல்ல உடலும் உள்ள ஒரு பெண் பாம்பு முட்டை வெளிவராமல் தவிக்கிறதென்றால், அறுவைக்குத் தயங்குவது பாவம். சில வாரத்து வேதனையைக் கொடுத்து இருபது ஆண்டு வாழ்வைத் திருப்பித் தருகிற கத்தி அது. அதே கத்தியை, உடலெங்கும் பரவிவிட்ட கட்டி உள்ள கிழப் பாம்பின்மேல் வைப்பது வேறு காரியம். சுவாச நோய் தொடக்கத்தில் இருந்தால் ஊசியும், ஆவிமருந்தும், எல்லாவற்றுக்கும் முதலாகச் சரியான வெப்பமும் கொடுத்து நம்பிக்கையோடு காத்திருக்கலாம். வெப்பமின்றிக் கொடுக்கும் மருந்து வீண் என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் ஐ.பி.டி. (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்ற நோய் வேறுவகை. அதற்கு ஒருவகை அரீனா வைரஸே காரணம் என்பது 2012-ஆம் ஆண்டில் துலங்கியது. இன்றுவரை பரிகாரம் இல்லை. மல்லாக்கப் போட்டால் உடனே திரும்பிக்கொள்ள வேண்டிய பாம்பு, திரும்பத் தெரியாமல் திருகிக்கொண்டு கிடக்கும். நரம்பு முழுவதும் சிதைந்த அந்த நிலையில் குழாய் வழியே ஆகாரம் செலுத்திக்கொண்டிருப்பது, பாம்பை வாழ வைப்பதாகாது. அதன் சாவை நீட்டிவைப்பதாகவே முடியும்.

பாம்புக்கு வலி உண்டா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்வனவற்றின் உடலில் வலியை உணரும் நரம்பு முனைகளும், வலியைத் தணிக்கும் பொருள்கள் சென்று பற்றும் இடங்களும் உள்ளன என்பது ஆராய்ச்சியில் நிறுவப்பட்ட விஷயம். முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளுக்கும், ஊர்வன உட்பட, உணர்வனுபவம் இருக்கக்கூடும் என்பது மெய்யான சாத்தியம் என்றும், அந்தச் சாத்தியத்தைப் புறக்கணித்து முடிவெடுப்பது பொறுப்பற்ற செயல் என்றும், 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியிட்ட பிரகடனத்தில் அறிவியலாளரும் தத்துவ ஆராய்ச்சியாளருமாகப் பலர் கையொப்பமிட்டனர். எனினும், நாய்க்கு வலியைத் தணிக்கிற மருந்து எல்லாம் பாம்புக்குத் தணிப்பதில்லை. ஒரு மருந்து பந்து மலைப்பாம்பிடம் பயன் தரவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. இதிலிருந்து பிறக்கிற கடன் எச்சரிக்கையே: துடிக்கவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்று முடிவு கட்டாமல், நமக்கு வலிக்கும் இடத்தில் அதற்கும் வலிக்கும் என்று கொண்டு மருந்து கேட்கவேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்துவிட்டு அறுக்கும் பழைய முறை, அசைவை நிறுத்துமேயன்றி வலியை நிறுத்தாது. அதை ஒப்புக்கொள்ளாத வைத்தியரையே நாடவேண்டும். நம் பகுதிக் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஆற்றிவரும் தொண்டு பெரிது. அங்கே இருக்கிற மருத்துவர், தமக்குப் பாம்பு வைத்தியத்தில் பழக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி வேறிடத்துக்கு அனுப்பினால், அது நேர்மையான சேவை, குறையாகக் கருதற்பாலதன்று.

இனிச் செலவைப் பற்றிய ஆட்சேபம். சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பாம்புக்கு அதைப்போல் பன்மடங்கு செலவழிப்பது விவேகமா என்று உறவினர் கேட்பார்கள். தறி ஓட்டுகிறவரின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கிற ஊரில் இது தர்மமா என்று அயலார் கேட்பார்கள். முதற்கேள்விக்கு விடை எளிது: உயிரின் விலை சந்தையில் அதற்குக் கொடுத்த விலையாகாது. காங்கேயம் காளையை வளர்க்கும் குடியானவர், நோய் கண்ட காளைக்கு வைத்தியம் பார்க்கையில், சந்தையில் அது எவ்வளவுக்குப் போகும் என்பதை ஒரு கணக்காக வைத்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றே அவரை நடத்துவதாகச் சொல்லமுடியாது. இரண்டாம் கேள்வி கனமானது. அதை அலட்சியம் செய்கிறவருக்கு ஜீவகாருண்யம் பேசும் யோக்கியதை இல்லை. ஆயினும் கேள்வி எழவேண்டிய இடம் பாம்பை வாங்கிய நாள். அன்று ஆடம்பரத்துக்குப் பணம் இருந்து, இன்று அது நோயில் கிடக்கும்போது ஏழைகளின் நினைவு வருவது, தர்மத்தின் பெயரால் கடனைத் தட்டிக்கழிப்பதாகும். காட்டில் இருந்திருந்தால் வெயிலைத் தேடிக்கொள்ளவும், நிழலுக்கு நகரவும், இரையை மறுக்கவும் வேட்டையாடவும் அதற்குச் சுதந்திரம் இருந்திருக்கும். அவையனைத்தையும் எடுத்துக்கொண்டவர் அவற்றின் ஸ்தானத்தில் தம்மை நிறுத்திக்கொண்டார். எடுத்துக்கொண்டதன் அளவே கடனின் அளவு. மெய்யாகவே பணம் இல்லாத வீட்டில், நீண்ட சிகிச்சை இயலாதபோது, அதற்காக யாரையும் குற்றம் சொல்லலாகாது. ஆனால் வேதனையற்ற முடிவுக்கு வேண்டிய சிறு செலவிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை.

வேறோர் ஆட்சேபமும் உண்டு. அது வயல்காட்டிலிருந்து வருகிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இரவில் மடை திருப்பப் போய்க் கண்ணாடி விரியனை மிதித்த மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னிலையில், பாம்புக்கு வைத்தியமா என்ற பேச்சை எடுக்கவே நா எழாது. அந்தத் துயரத்தை மதிக்கவேண்டும். ஆனால், விஷமில்லாத ஓர் அயல்நாட்டுப் பிராணி, நம் விரியனின் பழியைச் சுமக்கவேண்டிய முறை இல்லை. விரியனுக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம்: வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், பிடித்த பாம்பிடம் சில தடவை விஷம் எடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், அந்த விஷத்திலிருந்து பிறக்கும் மருந்தே கடிபட்டவரைக் காக்கிறது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் தொழில் சட்டத்தால் நின்றபின், பிழைப்புக்கு வழியற்றிருந்த ஒரு சமுதாயம், கொல்லாமலே பாம்பினால் வாழும் வழியைக் கண்டது தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று.

வேலிவலையில் சிக்கி அறுபட்ட சாரையும், மண் அள்ளும் இயந்திரத்தில் அடிபட்ட நாகமும் வேறு கணக்கில் சேர்வன. அவை எவருடைய உடைமையும் அல்ல; வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைப்பதே முறை. 2023-இல் தட்சிண கன்னட மாவட்டத்துப் பண்ட்வால் பக்கத்தில் காயம்பட்ட நாகம் ஒன்றை எக்ஸ்ரே எடுத்தபோது அது பிளாஸ்டிக் டப்பா ஒன்றை விழுங்கியிருப்பது தெரிந்து, மயக்க மருந்து கொடுத்து அதை நீக்கி, குணமானபின் காட்டில் விட்டார்கள். காட்டு உயிருக்கு வைத்தியம் பார்க்கையில் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இது திரும்பிப் போய்த் தன் இரையைத் தானே பிடிக்குமா? வீட்டுப் பாம்பின் விஷயத்தில் அந்த வினா எழுவதில்லை. எழாததால்தான் சிகிச்சைக்கு முடிவே இல்லாமல் போகிற ஆபத்தும் நேர்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டி, நல்ல மனம் படைத்தவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சிகிச்சையால் பயனில்லை என்று தெரிந்தபின், ‘கொல்லவும் வேண்டாம், வதைக்கவும் வேண்டாம், அதன் பாட்டுக்கு விட்டுவிடுவோம், ஆயுள் உள்ளவரை இருக்கட்டும்’ என்று சொல்வதே அது. கொல்லாமையை உயர்ந்த அறமாகப் போற்றிய நாட்டில் இந்த எண்ணம் இயல்பாக வருகிறது. கருமத்தம்பட்டியைத் தொட்டுச் செல்லும் சேலம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் விஜயமங்கலம் வருகிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர். அங்கே சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. சிற்றுயிரையும் மிதிக்கலாகாது என்று அடிபார்த்து நடந்த சமண முனிவர்கள் உலவிய பூமி இது. அவர்களுள் பலர் உணவைச் சிறிது சிறிதாகத் துறந்து, விரதமிருந்து உடலை நீத்தார்கள். அந்த மரணத்தின் மகிமை அதை அறிந்து ஏற்றுக்கொண்ட சித்தத்தில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வாயழுகி உணவு கொள்ளமுடியாமல் கிடக்கும் பாம்பு விரதம் இருக்கவில்லை, பட்டினி கிடக்கிறது.

இங்கேதான் பாம்பின் உடலமைப்பு நம் மனச்சாட்சியின்மேல் ஒரு தனிப் பாரத்தை ஏற்றுகிறது. நோய் கண்ட கோழி இரண்டொரு நாளில் முடிந்துவிடும். பசு சில வாரத்தில் முடிந்துவிடும். பாம்போ, உணவின்றி மாதக்கணக்கில் உயிர் தரித்திருக்கும்படி படைக்கப்பட்டது. பஞ்சகாலத்தைக் கடக்கவேண்டி இயற்கை அதற்குக் கொடுத்த அந்த வரமே, நோயில் அதன் சாவை நீட்டும் சாபமாகிவிடுகிறது. நம் கண்ணுக்குச் சலனமின்றிக் கிடப்பது, உள்ளே சீழும் மூச்சுத் திணறலுமாக வாரம் வாரமாகக் கழிகிறது. ஆகையால், வாளாவிருத்தல் என்பது இந்தப் பிராணியின் விஷயத்தில் நடுநிலை ஆகாது. அதுவும் ஒரு செய்கையே, செய்யக்கூடியவற்றுள் மிகக் கொடியதாகவும் அது முடியக்கூடும். கொன்ற பாவம் தம்மைச் சேராதிருக்கவேண்டும் என்ற கவலையில், அந்தப் பாவத்துக்கு விலையாகப் பாம்பின் மூன்று மாதத்து வேதனையைக் கொடுப்பவர், தம் புண்ணியத்தையன்றோ காத்துக்கொள்கிறார்?

அகிம்சையை வாழ்நாள் விரதமாகக் கொண்ட காந்தியடிகள், 1928-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் இந்தச் சோதனைக்கு ஆளானார். தீராத நோயில் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை, எந்தப் பணிவிடையாலும் அதன் வேதனையைக் குறைக்க வழியில்லை என்று கண்டபின், மருத்துவரைக்கொண்டு ஊசி போட்டு முடிக்கச் செய்தார். பசுவைத் தெய்வமாகப் போற்றும் தேசத்தில் எழுந்த கண்டனம் சாமான்யமானதன்று. தாம் செய்தது அகிம்சையின்பாற்பட்டதே என்று அவர் தம் பத்திரிகைகளில் விளக்கி எழுதி, அந்தக் கண்டனத்தை முகங்கொடுத்து ஏற்றார். அவரோடு உடன்படாத சான்றோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்; உயிரைக் கொடுக்க இயலாதவனுக்கு அதை எடுக்கும் அதிகாரம் இல்லை என்ற அவர்கள் வாதத்தை எளிதில் வென்றுவிடமுடியாது. ஆனால் அந்த வாதத்தை மேற்கொள்பவர், ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து, வலியைத் தணிக்கும் மருந்தைத் தவறாமல் கொடுத்து, கடைசி மூச்சு வரை பணிவிடை செய்யவேண்டும். அவ்விதம் செய்பவரை வணங்கலாம். பெட்டியின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுத் தறி பார்க்கப் போகிறவர் அந்த வாதத்தைக் கடன் வாங்கலாகாது.

துணி போட்டு மூடுவதிலும் கொடுமையானது, கொண்டுபோய் விட்டுவிடுவது. ‘பாம்புதானே, நொய்யல் கரையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்’ என்றோ, அம்மன் கோயில் புற்றருகே விட்டால் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்றோ தோன்றக்கூடும். பிறந்தது முதல் வைத்த இரையைத் தின்ற பிராணி, நோயோடு, தெரியாத மண்ணில், பட்டினியாலோ நாய்களாலோ அதைக் கண்டு பயந்து அடிக்கிறவர்களாலோ சாகும். அத்துடன் தன் நோயை நம் நாட்டு மலைப்பாம்புகளுக்கும் கொடுத்துவிட்டுச் சாகக்கூடும். ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்தாக அமைந்து உருவான 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், மனிதனல்லாத எல்லா உயிரையும் பிராணி என்றே கொள்கிறது. பசி தாகத்தால் வருந்தும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலை அது வதை என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. முதற்குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அபராதத்தின் சிறுமையைக்கொண்டு குற்றத்தின் சிறுமையை அளந்துவிடக்கூடாது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அந்த விளையாட்டைப் பொறுத்தவரை பின்னர் நிலைமாறிற்று. ஆனால் பசியினின்றும், வலி நோயினின்றும், அச்சத்தினின்றும் பிராணிகள் விடுதலை பெறவேண்டும் என்று அதில் எடுத்துரைத்த கருத்து, காளைக்கு மட்டும் உரியதாகச் சொல்லப்பட்டதன்று.

முடிவு செய்தபின் அதைச் செய்யும் முறையிலும் கடன் உண்டு. சிலர் பாம்பை உறைபெட்டிக்குள் வைத்து, உறங்குவதுபோல் போய்விடும் என்று நம்புகிறார்கள். உடல் உறையும்போது திசுக்களில் பனிப்படிகங்கள் உண்டாவது எத்தகைய வேதனை என்பதை அறிந்த மிருக வைத்திய நிபுணர்கள் அதைக் கண்டித்திருக்கிறார்கள். ஒரே வெட்டில் தலையை நீக்கிவிட்டால் துன்பமில்லை என்பதும் பிழை. பிராணவாயு குறைந்தாலும் வெகுநேரம் தாங்கும் மூளையை உடையது பாம்பு. துண்டான தலையிலும் உணர்வு சிறிது நேரம் தங்கக்கூடும். முதலில் மயக்க மருந்து, அது முற்றிலும் பற்றியபின் உயிர் நீக்கும் மருந்து, அதன்பின் மூளையின் செயலை உறுதியாக நிறுத்துதல் என்ற படிமுறையே ஏற்கத்தக்கது. மூளை ஓய்ந்த பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருப்பது பாம்பின் இயல்பாதலால், வைத்தியர் அவசரப்படாமல் கருவியை வைத்துக் கேட்டுக் காத்திருப்பார். அந்த நேரத்தில் வளர்த்தவரும் அங்கே இருக்கவேண்டும். பார்க்க மனம் வரவில்லை என்பது மனித பலவீனம்தான் என்றாலும், தம் கையின் வாசனையையாவது அறிந்திருக்கும் பிராணியை முற்றிலும் அயலார் கையில் விட்டு வெளியே நிற்பதற்கு அது போதிய காரணம் ஆகாது.

நம் ஊர்ப்பக்கம் நல்ல பாம்பு இறந்துகிடக்கக் கண்டால், பாலூற்றி, காசு வைத்து, மரியாதையோடு எரிக்கும் வழக்கம் உண்டு. இறந்த பாம்புக்கு இவ்வளவு செய்த மரபு, வீட்டில் இறந்த இந்தப் பாம்புக்கு இன்னொன்றையும் செய்ய அனுமதிக்கவேண்டும்: உடலை வைத்தியரிடம் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்வித்தல். அதே அறையில் வேறு பாம்புகள் இருந்தால், இது எந்த நோயில் இறந்தது என்பது அவற்றுக்கு வாழ்வா சாவா என்ற செய்தி. உண்ணிகளின் மூலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்று பரவக்கூடும் என்பதால், பெட்டிகளைப் பிரித்து வைப்பதும், புதிதாக வாங்குவதை நிறுத்துவதும், பரிசோதனை முடிவு வரும் வரையில் எந்தப் பாம்பையும் பிறருக்குக் கைமாற்றாதிருப்பதும் அன்றே தொடங்கவேண்டியவை. பதிவு செய்யப்பட்ட பாம்பாயின் இறப்பை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தில், காரணம் என்ற இடத்தில் மெய்யானதை எழுதவேண்டும். குளிரில் விளக்கு அணைந்ததுதான் காரணம் என்றால் அதையே எழுதவேண்டும்.